ஓடிக்கொண்டே நின்ற வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை பூசையின் நடுவில் எழுந்து நின்றுவிட்டேன். எழ வேண்டிய இடமில்லை அது. ஃபாதர் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். கோயில் முழுவதும் பொறுமையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக டீசல் புகை உள்ளே வந்தது. கூடவே ஒரு பழைய இன்ஜின் நின்ற இடத்தில் ஓடும் சத்தம். அவ்வளவுதான், என் கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்துவிட்டன.

"எங்க போறீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் என் மனைவி.

"கூப்பிடறான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் பிடித்திருந்த சட்டை நுனியை விட்டுவிட்டாள். நீ கண்ணை மூடி ஒரு கோடை முழுவதும் கழிந்துவிட்டது, நண்பா.

வெளியே போய்ப் பார்த்தேன். கோழித்தீவனம் ஏற்றிய வண்டி. அதன் டிரைவர் பெட்டிக்கடையில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான். அந்தப் புகையில் கொஞ்ச நேரம் நின்றேன். என் நுரையீரலைப் பார்க்கும் டாக்டர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால் அவர் உன்னோடு பழகியதில்லை.

அன்று எனக்கு இருப்புக் கொள்ளாமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மறுநாள் காலை உன் லாரிக்கு எஃப்.சி. இந்த வண்டி இன்னும் சாலையில் ஓடத் தகுதியானதுதானா என்று அரசாங்கம் தட்டிப் பார்த்துச் சான்று கொடுக்கும் அந்தச் சடங்குக்கு நீ எப்போதும் தனியாகத்தான் போவாய். மனிதர்களுக்கு இப்படி ஒரு சோதனை இல்லாததால்தான் நாம் இரண்டு பேரும் இத்தனை காலம் ஓட முடிந்தது என்று நான் சொன்னால் சிரிக்காமல் தலையாட்டுவாய்.

இந்த முறை அதை நம்பி நிறைய விஷயம் இருந்தது. உன் மகன் பெங்களூரிலிருந்து வந்து, நல்ல பிள்ளையாக, என் கடையில் உட்கார்ந்து தெளிவாகப் பேசிவிட்டுப் போயிருந்தான்.

"வண்டி எஃப்.சி. ஆச்சுன்னா அம்மா இங்கயே இருக்கட்டுமுங்க மாமா. டிரைவரப் போட்டு ஓட்டிக்கட்டும். ஆகலைன்னா வண்டியப் பழைய இரும்புக்குக் குடுத்துட்டு எங்ககூட வந்தறோணும். இந்த வயசுல ஒத்தையா என்னத்துக்கு இருக்கறது?"

அவன் சொன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் அம்மாவைக் கேட்கவில்லை என்பதைத் தவிர. அன்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனபோது உன் மனைவி கேட்டுவிட்டார்.

"ஏனுங்ணா, அந்த வண்டி பாஸாயிருமுங்களா?"

"ஆயிரும் அம்மிணி."

"நெசமாச் சொல்றீங்களா, எனக்காவச் சொல்றீங்களா?"

"உனக்காகத்தான் சொல்றேன்."

"அப்படின்னா சரிங்க" என்று சொல்லிவிட்டு முறத்திலிருந்த துவரம்பருப்பில் கல் பொறுக்கத் தொடங்கினார். உன் வீட்டில் பதற்றப்படும் வேலையை எப்போதும் ஆண்களிடம்தான் விட்டு வைத்திருந்தீர்கள்.

அந்த வண்டியைப் பற்றி எனக்கு ஒரே ஒரு பயம். அதை நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது?

உனக்கு நினைவிருக்கும். நாம் இருவரும் ஒரே முதலாளியின் வண்டியில் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு வடக்கே போய்வந்த காலம். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நர்மதையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். ரொட்டி சாப்பிட வண்டியை நிறுத்தினாய். சாப்பிட்டுவிட்டு வந்து ஏறினால், இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் செத்துக் கிடந்தது. பாரம் ஏற்றிய வண்டியைத் தள்ள முடியாது. சரிவில் உருட்டிக் கிளப்பலாம் என்றால், அந்தச் சீமையில் மேடு என்று ஒன்றைக் கடவுள் படைக்கவே இல்லை. அடித்துத் தேய்த்த தகடு மாதிரி பூமி. அங்கே நாம் கிடந்த கிடையில் நான் கையிலிருந்த புத்தகத்தை முடித்து, திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். நீ வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாய். கடைசியில் மெக்கானிக் வந்து சரி செய்து, இன்ஜின் உயிர் பெற்றதும், நீ ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்:

"இனிமே நான் வண்டிய நிறுத்தறதில்லப்பா."

கோபத்தில் சொல்கிறாய் என்று நினைத்தேன். எத்தனையோ பேர் எத்தனையோ சபதம் போட்டுப் பார்த்திருக்கிறேன். எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியவன் நீ ஒருவன்தான்.

பிறகு என் முதுகு போயிற்று. சங்ககிரியில் லாரி உதிரிபாகக் கடை வைத்தேன். ஒரு அலமாரியில் பேரிங்கும் பெல்ட்டும், எதிர் அலமாரியில் புத்தகங்களும். நீ ஒரு பழைய லாரியைச் சொந்தமாக வாங்கினாய். ராசிபுரம் பக்கத்துத் தோட்டங்காடுகளிலிருந்து குச்சிக்கிழங்கு ஏற்றி, அதிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ பேக்டரிகளுக்குக் கொண்டு போடும் வேலை. அந்த வண்டியின் செல்ஃப், வாங்கும்போதே பெயருக்குத்தான் இருந்தது. அது உன் கொள்கைக்கு வசதியாகப் போய்விட்டது. பழைய டீசல் இன்ஜின் ஒருமுறை ஓடத் தொடங்கினால் பேட்டரியைக்கூடக் கேட்காது. ஸ்டாப்பர் கம்பியை இழுக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். பகலில் நீ இழுக்கவே இல்லை. ராத்திரி மட்டும் மேட்டில் ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துவாய். விடிந்ததும் கட்டையைத் தட்டிவிட்டு, இரண்டாவது கியரில் உருட்டி, தெரு முனைக்குள் கிளப்பிவிடுவாய்.

நீ வீட்டுக்கு மனை பார்த்த கதையை இன்றும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறோம். தரகர் கிழக்குப் பார்த்த வாசல், நல்ல தண்ணீர், பக்கத்தில் பள்ளிக்கூடம் என்று அடுக்கிக்கொண்டிருந்தார். நீ எதையும் காதில் வாங்காமல், வண்டியின் முன்கண்ணாடியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி வந்து, மனைக்கு முன்னால் தெருவில் வைத்தாய். அது மெல்ல அசைந்து, யோசித்து, பிறகு உருண்டு ஓடியது.

"முடிச்சிருங்க" என்றாய்.

தரகர் என்னைத் தனியாக அழைத்து, "இவரு மந்திரிக்கறவருங்களா?" என்று கேட்டார்.

வண்டியை நிறுத்தாத மனிதன் எந்த இடத்திலும் உட்காரவும் முடியாது. அதை நாங்கள் எல்லோரும் ஒரு இயந்திரக் கோளாறாகவே எடுத்துக்கொண்டோம். என் மகள் கல்யாணத்துக்கு வந்தாய். கோயில் வாசலில் உன் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஃபாதர் மாப்பிள்ளையைப் பார்த்து, "சம்மதமா?" என்று கேட்டார். அவன் சொன்ன பதில் உன் இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஃபாதர் இரண்டாவது முறை கேட்டார். மாப்பிள்ளை முதலில் தயங்கினான் என்று எங்கள் சொந்தக்காரர்களில் ஒரு பகுதி இன்றுவரை நம்புகிறது. நீ பந்திக்கு வந்து, இலை முன் உட்காராமல், ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வண்டி ஓடிட்டு இருக்குதுப்பா, வாரேன்" என்று போய்விட்டாய்.

எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அப்படித்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, ஆரஞ்சுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாய். காவலாளி மூச்சிரைக்க மாடி ஏறி வந்தான்.

"கீழ லாரி யாருது? ஆம்புலன்ஸ் வழிய அடைச்சுட்டு நிக்குது. நிறுத்திட்டாவது போயிருக்கக் கூடாதா?"

"நிறுத்திருந்தா நாளைக்குத்தான் வழி கெடைக்கும் சாமி" என்று நீ அவனிடம் அன்பாகச் சொன்னாய். "ஓடறதுனாலதான் இப்ப எடுக்க முடியுது." அவன் அதை யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்பதுபோல நின்றான். அதற்குள் நீ படியிறங்கிவிட்டாய். பை உன்னோடு போய்விட்டது.

உன் வீட்டிலேயே நீ விருந்தாளிதான். பகலில் வண்டி தெருவுக்குள் நுழையும் சத்தம் கேட்டதும் உன் மனைவி காப்பியைக் கலந்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். நீ இறங்குவதில்லை. அவர் எட்டி நின்று டம்ளரை மேலே நீட்டுவார்; நீ குனிந்து வாங்குவாய். மழையிலும் அப்படித்தான், குடையோடு. பார்ப்பவர்களுக்கு ஏதோ சாமிக்குப் படைப்பது மாதிரி இருக்கும். ஒரு நாள் நான் கேட்டேன், இறங்கி ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் என்னடா என்று.

"உக்காந்தா எந்திரிக்க மனசு வராதுப்பா" என்றாய்.

"இன்ஜினுக்கா, உனக்கா?"

"ரெண்டுக்கும் ஒரே பூட்டுதான்" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டாய்.

கடைசியில் எனக்கே பொறுக்காமல், ஒரு நல்ல செல்ஃப் மோட்டாரை என் கடையிலிருந்து எடுத்து, புதுப் பேட்டரியும் சேர்த்து, உன் தலையில் கட்டினேன். நீயே மாட்டிக்கொள்வதாகச் சொன்னாய். கொஞ்ச நாள் கழித்து வந்து பார்த்தால், வண்டி பழையபடி டீக்கடை வாசலில் நின்றபடி ஓடிக்கொண்டிருக்கிறது.

"உன்ற கடைச் சாமான் ரெண்டு மாசம் தாங்கலப்பா. படுத்துக்கிச்சு" என்றாய், டீக்கடையில் நாலு பேர் நடுவில்.

"கழட்டிக் கொண்டுவா. மாத்தித் தர்றேன்."

"பரவால்ல உடு. நீயும் பொழைக்கோணுமல்ல."

அந்த டீக்கடையில் அடித்த சிரிப்பு திருச்செங்கோடுவரை கேட்டிருக்கும். அதற்குப் பிறகு எத்தனை வருடம்! என் கடையில் பொருள் வாங்க வருகிறவன் எவனும், "செல்ஃப் மோட்டார் தவிர வேற எல்லாம் நல்லா இருக்குமுங்களா?" என்று கேட்காமல் வாங்கியதில்லை. நான் ரோஷத்தில் உன் வண்டியின் பானெட்டுக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று இருந்துவிட்டேன். என் சரக்கு அங்கே செத்துக் கிடப்பதை என் கண்ணால் காண மனமில்லை.

நீ போன அன்று சேகோ பேக்டரியில், எடை மேடைக்கு முன்னால் வரிசையில் இருந்தாய். ஸ்டீயரிங் மேல் தலை வைத்திருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்திருக்கிறார்கள். முன்னால் இருந்த வண்டி நகர்ந்த பிறகும் நீ நகராததால்தான் வந்து பார்த்திருக்கிறார்கள். நீ இடம் விட்டுக் கொடுக்கிற ஆள் இல்லையே. பேக்டரி ஜீப்பில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். எனக்குப் போன் வந்து நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் வீட்டுக்குப் போனில் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நேரில் போய்ச் சொல்லும் வேலையை என்னிடம் விட்டார்கள்.

போகும் வழியில் வண்டியை என்ன செய்தார்கள் என்று பார்க்க பேக்டரிக்குள் நுழைந்தேன். வெயில் சாயும் நேரம். கிழங்கை இறக்கி, வண்டியை ஓரமாக விட்டிருந்தார்கள். அது ஓடிக்கொண்டிருந்தது.

எடை மேடைக்காரர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"நிறுத்தலீங்க" என்றார். "நிறுத்துனா கெளம்பாதுன்னு அவரு எப்பவும் சொல்லுவாருங்கல்ல. அதான் யாரும் தொடுல. நடுவுல டீசல் மட்டும் ஊத்துனமுங்க."

காலையிலிருந்து. நீ இல்லாத வண்டியை, உன் சொல்லுக்காக, ஒரு பேக்டரியே சேர்ந்து அணையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நான் உன் இடத்தில் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். உன் தெருவுக்குள் திரும்பினேன். சத்தம் கேட்டு உன் மனைவி காப்பியோடு வாசலுக்கு வந்து, முகம் பார்க்காமலே, பழக்கப்படி டம்ளரை மேலே நீட்டினார். நான் வாங்கவில்லை. அப்புறம் நிமிர்ந்து பார்த்தார்.

மற்றதை உன்னிடம் எழுத எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். காலையில் நான் வண்டியை மேட்டிலிருந்து உருட்டிக் கிளப்பிக்கொண்டு வந்தால், உன் மனைவி நல்ல சேலை கட்டிக்கொண்டு, கைப்பையோடு நிற்கிறார்.

"நீ எதுக்கு அம்மிணி? அங்க வெயில்ல நிக்கணும்."

"என்ற வண்டிக்குப் பரீச்சைங்ணா. நான் வராம யாரு வாரது?"

ஏறுவதற்குச் சிரமப்பட்டார். சக்கரத்தில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து, மேலே வந்து உட்கார்ந்ததும் சுற்றிலும் பார்த்தார். இத்தனை வருடத்தில் நீ அவரை அந்த வண்டியில் ஏற்றியதே இல்லையாமே. எனக்குத் தெரியாது. சங்ககிரி மலையைக் கடக்கும்போது தலையை வெளியே நீட்டிக் கோட்டைச் சுவரைப் பார்த்தார்.

"இவ்ளோ ஒசரத்துல இருந்து பாத்தா நம்மூரு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார்.

எஃப்.சி. மைதானம் நர்மதைக்கு அக்கரைபோல ஒரே சமதரை. உருட்டிக் கிளப்ப ஒரு சாண் சரிவாவது இருக்கிறதா என்று மூலை மூலையாகத் தேடினேன். எங்களுக்குப் பின்னால் போர்வெல் லாரி ஒன்று, மலைபோல இரும்பைச் சுமந்துகொண்டு நின்றது. இன்ஸ்பெக்டர் சின்ன வயதுப் பெண். விளக்குகளைப் பார்த்தார், டயர்களைப் பார்த்தார், ஹாரன் அடிக்கச் சொன்னார். அதன் பிறகு நான் பயந்ததைச் சொன்னார்.

"இன்ஜினை ஆஃப் பண்ணுங்க ஐயா. பானெட்டைத் திறந்து நம்பர் பாக்கணும்."

"ஓடும்போதே பாத்துக்கலாமே மேடம்."

"ஆஃப் பண்ணுங்க."

"ஆஃப் பண்ணினா திரும்ப ஸ்டார்ட் ஆகாதுங்க."

அவர் கையிலிருந்த கருவியைத் தாழ்த்திவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு ஃபிட்னஸ் கேக்கறீங்களா?"

பின்னாலிருந்து போர்வெல் டிரைவர் ஹாரனை அழுத்தினான்.

"ஏனுங் பெரியவரே! கும்புடறதுன்னா எறங்கி ஓரமா நின்னு கும்புடுங்க. பொழுது போகுது!"

நான் ஸ்டாப்பர் குமிழின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் சபதத்தை உடைக்க எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவாயா? அப்போது உன் மனைவி பக்கவாட்டில் குனிந்து, என் கையை விலக்கி, குமிழைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டார்.

இன்ஜின் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. பட்டப்பகலில், சமதரையில், அந்த வண்டி நின்று நான் பார்த்ததே இல்லை. ஒரு மைனா கத்தியது கேட்டது.

"பாருங்கம்மா" என்றார் உன் மனைவி, இன்ஸ்பெக்டரிடம்.

பார்த்தார். நம்பர் சரியாக இருந்தது. "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடியும் அழுத்தினேன். ஒரு சின்ன 'டிக்' சத்தம்கூட இல்லை. போர்வெல் வண்டியிலிருந்து நாலைந்து பேர் குதித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவதற்கு வந்துவிட்டார்கள். கிண்டல் செய்த டிரைவர்தான் முதலில் வந்து பின்பக்கம் தோள் கொடுத்தான். "தள்ளி ஸ்டார்ட் பண்ணா கணக்குல வராதுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். உன் மனைவி கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தில் பெங்களூர் தெரிந்தது.

அந்த நிசப்தம்தான் என்னை உறுத்தியது. கெட்டுப்போன செல்ஃப் மோட்டார் சும்மா இருக்காது. முனகும், தட்டும், ஏதாவது ஒரு குறை சொல்லும். இது பேச்சையே காணோம். ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டு, போன முதுகோடு வண்டிக்கு அடியில் படுத்தேன்.

என் கடைச் சாமான் அங்கே இருந்தது. நான் கொடுத்த பெயிண்ட்கூட முழுசாகப் போகவில்லை. அதற்கு வரவேண்டிய தடித்த ஒயர் கழற்றப்பட்டு, பின்னால் மடக்கி, கறுப்பு டேப் சுற்றி, சேஸிச் சட்டத்தோடு சேர்த்து ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. அறுந்ததல்ல. கெட்டதல்ல. கழற்றியது. யார் சுற்றிய டேப் என்று கேட்க வேண்டியதில்லை. நீ டேப் சுற்றினால் கடைசிச் சுற்றில் நுனியைச் சின்னதாக மடித்து விடுவாய், பிறகு பிரிக்க வசதியாக. இதிலும் விட்டிருந்தாய். ஒவ்வொரு எஃப்.சி.க்கும் நீ தனியாகப் போனது இதற்குத்தான் போல.

அந்த நுனியைப் பிடித்துப் பிரித்தேன். ஒரே இழுப்பில் வந்தது. போர்வெல் டிரைவரிடம் ஸ்பேனர் வாங்கி, ஒயரை மாட்டி, இறுக்கிவிட்டு மேலே வந்து பொத்தானைத் தொட்டேன். தொட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொண்டது. தள்ள வந்தவர்கள் தள்ளாமலேயே ஜெயித்துவிட்ட மாதிரி கைதட்டினார்கள்.

"என்னுங்ணா அது?" என்றார் உன் மனைவி.

"செல்ஃப் மோட்டார் நல்லாத்தான் இருக்குது அம்மிணி. ஒயரை அவனே கழட்டிக் கட்டி வெச்சிருக்கான்."

"எப்பருந்துங்?"

"மாட்டின புதுசுலயே இருக்கும்."

அவர் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"அப்ப நிறுத்தியிருக்கலாம்."

"நிறுத்தியிருக்கலாம்."

"எறங்கி ஊட்டுக்குள்ளார வந்து காப்பி குடிச்சிருக்கலாம்."

நான் ஸ்பேனரின் கிரீஸைத் துடைத்தேன்.

"அந்த ஒயரு மட்டும்தாங்ணா எனக்குத் தெரியாது" என்றார். "மத்ததெல்லாம் தெரியும். அவருக்கு ஒரு எடத்துல இருக்க முடியாது. நான் போட்ட பாயில முள்ளு இருக்குதோன்னு முதல்ல நெனச்சேன். அப்புறம் பாயில இல்லீங்க, ஆளுலன்னு தெரிஞ்சுது. பாவம், அத எப்படிச் சொல்லுவாரு? வண்டி மேல போட்டுட்டாரு."

பிரேக் சோதனை, புகைச் சோதனை எல்லாம் முடிந்தன. புகையில் கொஞ்சம் இழுபறி. பிறகு எண் வந்தது. இன்ஸ்பெக்டர் தலையை அசைத்தார். "பாஸ்ங்க. அடுத்த தடவை ஆஃப் பண்ணச் சொன்னா உடனே பண்ணுங்க ஐயா" என்றார், என்னைப் பார்த்தல்ல, உன் மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

மைதானத்து வேப்பமர நிழலில் நின்று உன் மனைவி மகனுக்குப் போன் செய்தார்.

"பாஸாயிருச்சு சாமி... ஆமா... இல்ல, நான் வருல. நீங்க எல்லாரும் லீவுக்கு இங்க வாங்க... தெரியுஞ்சாமி, ஒத்தைதான். அவரு உக்காராத ஊட்டுல நானாச்சும் கொஞ்ச நாளு உக்காந்துக்கறேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் நான் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். என் கடையின் பெயரைக் கெடுத்ததற்காக முதல் சண்டை. அது சங்ககிரி எல்லைக்கு முன்பே முடிந்துவிட்டது. அடுத்ததுதான் முடியவில்லை. எதற்கு ஓடினாய்? வீட்டில் சச்சரவில்லை. கடன்காரன் துரத்தவில்லை. காப்பி நன்றாகவே இருக்கும். மனிதன் ஓடுவதற்கான காரணங்கள் புத்தகங்களில் நிறைய உண்டு. நான் படித்தவன் அல்லவா, அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உனக்கு மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் அளவு சேரவில்லை. நர்மதைக்கு அப்பால் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாயே, அது செல்ஃப் மோட்டாருக்காக என்று நினைத்தேன். மெக்கானிக் வந்து வேலையைத் தொடங்கிய பிறகும் நீ நடையை நிறுத்தவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

உன் தெருவில் நுழைந்ததும் என் கை தானாக மேட்டுப் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பியது.

"அங்க எதுக்குங்ணா? வாசல்லயே நிறுத்துங்க" என்றார்.

வாசலில் நிறுத்தினேன். குமிழை இந்த முறை நானே இழுத்தேன். அவர் முன்னால் இறங்கிப் போய் கூடத்தில் மின்விசிறியைப் போட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனார். நான் உட்கார்ந்தேன். பால் காயும் சத்தம். வெளியே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு ஒரு ஆள் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதிக நேரம் முடியாது. உன் இன்ஜின் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து போனவன் நான். பூசையிலிருந்து, சாப்பாட்டிலிருந்து, என் மனைவி ஏதோ முக்கியமாகச் சொல்லத் தொடங்கும் நேரத்திலிருந்து. "அவன் கூப்பிடறான்" என்றால் போதும். உனக்கு உன் வண்டி. எனக்கு நீ.

காப்பி வந்தது. பாதி குடித்துவிட்டு எழுந்தேன்.

"வாரேன் அம்மிணி."

"என்னுங்ணா அவசரம்? வண்டி நின்னுட்டுத்தான இருக்குது."

சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். கடையைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். வீட்டிலும் யாரும் தேடமாட்டார்கள்.

"உட்கார முடியல அம்மிணி" என்றேன்.

அவர் வியப்படையவில்லை. டம்ளரைப் பார்த்தார். "இன்னும் மிச்சம் இருக்குதுங்ணா. அதக் குடிச்சுப்போட்டுப் போங்க" என்றார், எதிரே தரையில் உட்கார்ந்து பருப்பு முறத்தை மடியில் இழுத்துக்கொண்டு.

மறுபடி உட்கார்ந்தேன். மிச்சம் இரண்டு வாய்தான் இருக்கும். அதைக் குடித்து முடிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று. கால்கள் இரண்டும் ஆடிக்கொண்டே இருந்தன. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன், எழவில்லை.